வேகம் யாருடையது? விபத்துப் புள்ளிவிவரமும் 183ஆம் பிரிவும்

பணிக்காக வண்டி ஓட்டுபவர்களின் சாலைப் பாதுகாப்பு பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி ஓட்டுநரிடம் தொடங்கி ஓட்டுநரிடமே முடிந்துவிடுகிறது. சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டுவார்கள். ‘ஓட்டுநர் தவறு’ என்ற தலைப்பின் கீழ் நிற்கும் பெரிய எண்ணை எடுத்துக்கொள்வார்கள். பிறகு பயிற்சி வகுப்பு, கண் பரிசோதனை முகாம், சாலைப் பாதுகாப்பு வார உறுதிமொழி என்று பரிந்துரைகளுக்குப் போய்விடுவார்கள். சம்பளம் கொடுப்பவர், சரக்கை அனுப்பியவர், நேரம் குறித்தவர் ஆகியோர் இந்த ஆய்வுகளில் எங்கும் தென்படுவதில்லை. பரிந்துரைகள் நல்லவையே. ஆனால் அவற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் எண், அதன்மீது ஏற்றப்பட்ட முடிவைத் தாங்கக்கூடியதல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எண்ணை முதலில் பார்க்கலாம். 2015ஆம் ஆண்டு அறிக்கையின்படி நாட்டில் நடந்த 5,01,423 விபத்துகளில் 77.1 விழுக்காட்டுக்கு ஓட்டுநர் தவறே காரணம். 2016இல் விபத்துகள் 4,80,652 ஆகக் குறைந்தன. ஓட்டுநர் தவறின் பங்கோ 84 விழுக்காடாக ஏறியது. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட 7 புள்ளி. ஒரு நாட்டின் ஓட்டுநர் கூட்டம் பன்னிரண்டு மாதங்களில் இவ்வளவு கெட்டுப்போக வழியில்லை. மாறியது பெரும்பாலும் பதிவு செய்யும் முறையாகவே இருக்கவேண்டும். இந்தத் தாவலைக் கடந்துசென்ற ஆய்வுகள், அந்த எண் சாலையில் நடந்ததைக் காட்டுகிறதா, காவல் நிலையத்தில் எழுதப்பட்டதைக் காட்டுகிறதா என்ற கேள்வியையும் கடந்துசென்றுவிட்டன.

காவல் நிலையத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது தமிழ்நாட்டில் விபத்து வழக்கு பார்த்த எவருக்கும் தெரியும். முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’ என்ற தொடர் அநேகமாக இடம்பெற்றே தீரும். புகார் கொடுப்பவர் விபத்தைக் கண்ணால் பார்த்திராதபோதும் அது வந்துவிடும். காரணம் எளிது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304அ பிரிவுகளிலும், அவற்றின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகளிலும் வழக்குப் பதிய அஜாக்கிரதை தேவை. ஆகவே அந்தத் தொடர் வழக்கு நிற்பதற்கான சொல். வேகமானியின் வாசிப்பு அன்று. பின்னர் அதுவே காரணக் குறியீடாகி, மாநிலத் தொகுப்பில் ஓர் எண்ணாகி, தில்லியில் விழுக்காடாக வெளிவருகிறது.

2017 முதல் படிவங்கள் திருத்தப்பட்டு, ‘ஓட்டுநர் தவறு’ என்ற பழைய தலைப்பு அட்டவணையிலிருந்து போய்விட்டது. இது முன்னேற்றமே. அதன் இடத்தில் விதிமீறல் அட்டவணை வந்தது: அதிவேகம், மது அல்லது போதை, எதிர்த்திசையில் ஓட்டுதல், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், கைபேசி, மற்றவை. 2022இல் இறந்த 1,68,491 பேரில் 71.2 விழுக்காட்டினரின் சாவு அதிவேகத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டது. பழைய தலைப்பு போனாலும் பழைய வாசிப்பு போகவில்லை. வேகமாக ஓட்டியது யார், ஓட்டுநர்தானே என்று அந்த எண்ணும் அதே பழைய முடிவுக்கே இட்டுச்செல்லப்படுகிறது.

இங்கேதான் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவை முழுமையாகப் படிக்கவேண்டியிருக்கிறது. அதிவேகத்துக்கான அபராதப் பிரிவு என்ற அளவிலேயே அது அறியப்படுகிறது. அதன் 3, 4ஆம் உட்பிரிவுகள் சாலைப் பாதுகாப்பு ஆய்வுகளில் பேசப்படுவது அரிது.

மூன்றாம் உட்பிரிவு சான்று பற்றியது. வண்டி வரம்பை மீறிய வேகத்தில் வந்தது என்று ஒரே ஒரு சாட்சி தன் அபிப்பிராயமாகச் சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. அந்த அபிப்பிராயம் இயந்திரக் கருவியாலோ மின்னணுக் கருவியாலோ பெற்ற மதிப்பீட்டை ஒட்டியதாக இருக்கவேண்டும். சில நூறு ரூபாய் அபராதத்துக்கே சட்டம் இவ்வளவு எச்சரிக்கை காட்டியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாவுகளை ஒரே வரிசையில் அடுக்கும் அட்டவணைக்கு அந்த எச்சரிக்கையில் பாதியாவது வேண்டாமா?

நான்காம் உட்பிரிவே இக்கட்டுரையின் மையம். ஒரு பயணத்தையோ அதன் ஒரு பகுதியையோ குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்று கால அட்டவணை வெளியிடப்படுகிறது அல்லது உத்தரவு தரப்படுகிறது என்று கொள்வோம். வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் முடிப்பது நடைமுறையில் இயலாது என்று நீதிமன்றம் கருதினால், அட்டவணை வெளியிட்டவர் அல்லது உத்தரவிட்டவர் குற்றம் செய்தார் என்பதற்கு அந்த அட்டவணையே, அந்த உத்தரவே முதல்நோக்குச் சான்று. சட்டத்தின் பார்வையில், அதிவேகம் மிதிகட்டையில் வைத்த காலில் மட்டும் பிறப்பதல்ல. நேரம் குறித்த தாளிலும் பிறக்கும். அதிவேகத்தை ஓட்டுநர் தவறு என்று மாற்றி வாசிப்பது, அதிவேகத்தைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவே ஏற்காத வாசிப்பு.

இப்பிரிவின் வரலாறும் கவனிக்கத்தக்கது. 1988ஆம் ஆண்டு வடிவில், வேகமாக ஓட்டியவருக்கு முதல் குற்றத்துக்கு 400 ரூபாய் வரை அபராதம். தன்னிடம் வேலை செய்பவரையோ தன் கட்டுப்பாட்டில் ஓட்டுபவரையோ அப்படி ஓட்டவைத்தவருக்கு 300 ரூபாய் வரை. ஓட்டவைப்பது ஓட்டுவதைவிடச் சிறிய குற்றம் என்று அன்றைய சட்டம் நினைத்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இருவரையும் ஒரே உட்பிரிவுக்குள் கொண்டுவந்து, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை என்று சமப்படுத்தியது. ஆனால் இரண்டாம் முறைக்கான தண்டனை ஓட்டுநர் உரிமத்தைப் பறிமுதல் செய்வது. அலுவலகத்தில் உட்கார்ந்து நேரம் குறிப்பவரை அது தீண்டாது. திருத்தத்தை எழுதியவர்கள் முதலாளியைச் சட்ட வாசகத்தில் வைத்துவிட்டு, தண்டனை எழுதும்போது மறந்துவிட்டார்கள் போலும்.

உட்பிரிவு எப்படிப் பொருந்தும் என்பதைத் தனியார் பேருந்தின் நேரத் தாள் ஒன்றைக் கற்பனையாக வைத்துப் பார்க்கலாம். 80 கிலோமீட்டர் இருவழிச் சாலைத் தடம்; ஒரு நடைக்கு 1 மணி 45 நிமிடம். வழியில் 30 நிறுத்தங்கள், ஏறி இறங்க நிறுத்தத்துக்கு 40 நொடி என்றால் 20 நிமிடம் போய்விடும். இரண்டு ஊர்க் கடைவீதிகளில் ஊர்ந்து செல்வதற்கு இன்னொரு 20 நிமிடம். மிச்சம் 65 நிமிடம். நிறுத்தத்துக்கும் கடைவீதிக்கும் ஒதுக்கியது போக, ஓடவேண்டிய சராசரி வேகம் மணிக்கு ஏறக்குறைய 74 கிலோமீட்டர். 2018ஆம் ஆண்டு மத்திய அரசின் அறிவிக்கையின்படி இத்தகைய சாலையில் பேருந்துக்கான உச்ச வரம்பு 60. தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் அடுத்த வண்டிக்காரர் பஸ் நிலையத்தில் சண்டைக்கு நிற்பார். டைம் கீப்பர் நோட்டில் குறிப்பார். வழியில் ஏறவேண்டிய கூட்டத்தைப் பின்னால் வரும் வண்டி அள்ளிக்கொள்ளும். கலெக்‌ஷனில் பங்காகப் பேட்டா வாங்கும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அது அன்றைய சோற்றில் விழும் அடி. இத்தனையும் வேகமானியைத் தொடாமலேயே காகிதத்தில் தெரிந்துவிடுகிறது. இங்கே விபத்து நடந்தால் அட்டவணையில் ஏறுவது ‘அதிவேகம்’ என்ற ஒரே சொல்.

இதில் அரசுக்குச் சங்கடமான ஒரு முடிச்சும் இருக்கிறது. தமிழ்நாட்டில் தடப் பேருந்தின் நேரம் பர்மிட்டோடு சேர்ந்து வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தால் நிர்ணயிக்கப்படுவது. அப்படியானால் கால அட்டவணையை வெளியிட்டவர் யார்? உட்பிரிவின் வாசகம் முதலாளி என்று சொல்லவில்லை, வெளியிட்டவர் என்றுதான் சொல்கிறது. பிரிட்டனின் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு உறவான ஒரு விதி 89ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது வேலைக்கு வைத்தவரோடு நின்றுவிடுகிறது. இந்திய வாசகம் அகலமானது. சரக்கு ‘நாளைக் காலை ஆறு மணிக்குள் இறங்கவேண்டும்’ என்று போனில் சொல்லும் லாரி புக்கிங் ஆபீஸும், பத்து நிமிடத்தில் மளிகை வரும் என்று வாடிக்கையாளருக்கு வாக்களித்து அதற்கேற்ப ஓட்டத்தை ஒதுக்கும் செயலியும் இதற்குள் வரக்கூடும். ‘கட்டுப்பாட்டில்’ என்ற சொல் இருப்பதால், மளிகை கொண்டுசெல்லும் இளைஞர்கள் எங்கள் ஊழியர்களே அல்லர் என்று செயலி நிறுவனம் சொல்லும் பதில் இங்கே அவ்வளவாக எடுபடாது. வாடிக்கையாளருக்குத் தந்த வாக்கு ஓட்டுபவருக்குத் தந்த உத்தரவாகுமா என்பதை நீதிமன்றம்தான் தீர்க்கவேண்டும். ஆகும் என்பதே இக்கட்டுரையின் சாய்வு. ஒதுக்கீடு, மதிப்பெண், ஊக்கத்தொகை மூன்றும் நேரத்தை ஒட்டியே அமைந்தால், வாயால் உத்தரவு சொல்லவேண்டிய தேவையே இல்லை.

லாரித் தொழிலில் நேரத்தின் அழுத்தம் வேறு வடிவில் வருகிறது. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்று படி கணக்கிடப்படும்போது தூங்கும் நேரமெல்லாம் வருமானமில்லா நேரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு 561ஆம் எண் ஒழுங்குமுறை நான்கரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட இடைவேளையைக் கட்டாயமாக்கியதோடு நிற்கவில்லை. தூரத்தையோ சரக்கின் அளவையோ வைத்துக் கூலி தருவது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமானால் அதையும் தடுக்கிறது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு அதை ஓட்டுநர்களுக்கு நேரடியாகப் பொருத்தியது. தூரத்தை வைத்துக் கூலி தருவதைத் தடுக்கும் வாசகம் இரண்டிலும் இல்லை. ஐந்து தொழிலாளருக்குக் குறைவாக வைத்திருப்பவர்கள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். ஓரிரு வண்டிக்காரர்களால் நடக்கும் இந்தத் தொழிலில் அது சிறிய இடைவெளி அன்று.

ஓட்டுநரின் சாவில் வேலைக்குப் பங்குண்டு என்பதை நீதிமன்றங்கள் அறியாமல் இல்லை. தில்லியிலிருந்து 1,152 கிலோமீட்டர் லாரி ஓட்டிச்சென்ற ஒருவர், சேருமிடத்தை நெருங்கியபோது உடல் முடியாமல் வண்டியை ஓரங்கட்டி இறங்கி, விழுந்து இறந்தார். மோதல் ஏதும் இல்லை. 2012ஆம் ஆண்டின் இறுதியில் உச்ச நீதிமன்றம் அந்த நெடும்பயணத்தின் களைப்பையும் சாவையும் இணைத்துப் பார்த்து, அது வேலையால் நேர்ந்த விபத்தே என்று குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கச் செய்தது. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இது தெரியும்: வண்டியின் பாலிசித் தாளில் ‘சம்பள ஓட்டுநர்’ பொறுப்புக்கென்று 50 ரூபாய் தனி வரியாகவே இருக்கும். இழப்பீட்டுச் சட்டமும் காப்பீடும் கேட்கும் கேள்வியை, அமைச்சகத்தின் விதிமீறல் அட்டவணை மட்டும் கேட்பதில்லை.

ஓட்டுநருக்குச் சுயவிருப்பம் இல்லையா என்ற ஆட்சேபம் எழும். உண்டு, 183ஆம் பிரிவு அவரை விடுவிக்கவும் இல்லை. இருவரும் ஒரே வேகத்துக்குப் பொறுப்பாக முடியும் என்பதே அதன் அமைப்பு. மனிதப் பிழையே பெரும்பான்மை விபத்துகளுக்குக் காரணம் என்று அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வு 1979லேயே காட்டிவிட்டதே என்பாரும் உண்டு. பிழை எங்கே நிகழ்ந்தது என்பது அந்த ஆய்வின் கேள்வி. எதனால் நிகழ்ந்தது என்பது இங்குள்ள கேள்வி. இதில் மேலும் விவாதிக்க ஒன்றுமில்லை.

கனமான ஆட்சேபம் மூன்றாவது. 2022இல் இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் சொந்த வேலையாகப் போனவர்கள், எனவே பணிசார் ஓட்டம் சிறிய பங்குதான் என்று சொல்லப்படுகிறது. இருக்கலாம். ஆனால் உணவு கொண்டுபோனவரும், மருந்து விற்பனைப் பிரதிநிதியும், தவணை வசூலுக்குப் போன நிதி நிறுவன ஊழியரும் அதே 44.5 விழுக்காட்டுக்குள்தான் இருக்கிறார்கள். பயணத்தின் நோக்கத்தை எழுதாத அட்டவணையிலிருந்து பங்கு பெரியது என்றும் நிறுவ முடியாது, சிறியது என்றும் நிறுவ முடியாது. இந்த எல்லை இக்கட்டுரையையும் கட்டுப்படுத்தும். பிரிட்டனில் 2001இல் ரிச்சர்ட் டைக்ஸ் தலைமையிலான குழு சாலை விபத்துகளில் கால்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை பணியிலிருந்தவர்களைத் தொடுவதாக மதிப்பிட்டபோது, அதுவும் மதிப்பீடாகவே இருந்தது. ஆனால் 2005 முதல் அந்நாட்டுக் காவல்துறைப் படிவத்தில் பயணத்தின் நோக்கம் ஒரு கட்டமாகச் சேர்ந்தது. பிறகு எதிர்வாதமும் எண்ணோடு வரவேண்டியதாயிற்று.

கோவை எலும்பு மருத்துவர் இராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், 91ஆம் பிரிவின் வேலைநேர வரம்பை நடைமுறைப்படுத்த வழிகாணுமாறு 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மணிநேரத்தைக் கணக்கிடும் அந்த ஏற்பாட்டோடு நேரத் தாளையும் சேர்க்க இது பொருத்தமான தருணம். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத்தளம் முதலில் சோதிக்கப்பட்ட ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2022இல் 64,105 விபத்துகளோடு எண்ணிக்கையில் முதலிடத்தில் இருந்ததும் இதே மாநிலம். விசாரணை அதிகாரி டயர்த் தடத்தை அளப்பதோடு டிரிப் ஷீட், டைமிங் தாள், பேட்டா கணக்கு மூன்றையும் கைப்பற்றி, நேரம் குறித்தவரின் பெயரையும் கோப்பில் சேர்ப்பதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தேவையான வாசகம் 1988 முதல் 183ஆம் பிரிவில் இருக்கிறது.