கப்பல் ஏட்டில் ஊர்ப்பெயர்

கொல்லிமலை வாசலூர்பட்டியில் பிறந்த எனக்குக் கப்பல் ஏட்டில் என்ன வேலை என்று மாணவ நேயர்கள் கேட்கலாம். எங்கள் ஏரியில் படகு உண்டு, கடல் ஏது? ஆயினும் தென்னாப்பிரிக்கத் தமிழர் தம் மூதாதையரைத் தேடிப் புரட்டும் ஏடுகளில் சேலம் ஜில்லாவின் பெயர் வருகிறது.

1860 அக்டோபரில் சென்னையை விட்டுப் புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் டர்பனை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குச் சென்றோர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதினர்.

சிக்கல் அங்கேதான். எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதினார். லகரமும் ளகரமும் ஒன்றாயின; ழகரம் உருமாறிற்று. வாசலூர்பட்டி என்று எவரேனும் சொல்லியிருந்தால், அஃது எவ்வடிவம் பெற்றிருக்குமோ! ஆதலின் இத்தகைய ஊர்ப்பெயர்களைக் கண்ணால் தேடுவதினும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதே நன்று என்பேன்.

ஜில்லாவின் எல்லையும் மாறிவிட்டது. சேலத்திலிருந்து 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் பிரிந்தன; தருமபுரியிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. ஏட்டில் ‘சேலம்’ என்று கண்டவர் இந்நான்கு மாவட்டங்களிலும் ஊரைத் தேட வேண்டியிருக்கும்.

உடல் அடையாளத்துக்கும் ஏட்டில் இடம் உண்டு: நெற்றித் தழும்பு, கன்னத்து மச்சம் போன்றவை. புகைப்படம் இல்லாத பாட்டனைப் பற்றிப் பேரப்பிள்ளைகள் அறிவது சில வேளை அவ்வளவே. வீட்டில் பழைய ஒப்பந்தத் தாள் கிடைத்தால் முதலில் எண்ணைப் பார்க்க வேண்டும். அவ்வெண்ணைக் கொண்டு டர்பன் ஆவணக் காப்பகத்தின் கப்பல் ஏட்டில் அவருடைய வரியைக் கண்டெடுக்கலாம்.