நான் பூட்டி வைத்த கோப்பு

மூன்று வருஷத்துக்கு முன்னால், அம்மா படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கதையைத் தொகுக்கலாம் என்று முன்னாள் மாணவர்கள் ஒரு புலனக் குழுவைத் தொடங்கினார்கள். "நீதான் இஞ்சினியராச்சே, நீயே பாத்துக்கோ" என்று கணினி வேலை என் தலையில் விழுந்தது. வந்த படங்களையும் தகவல்களையும் கூகள் கோப்பில் ஏற்றினேன். யாரும் கை வைத்துக் கெடுத்துவிடக் கூடாது என்று எல்லாருக்கும் படிக்க மட்டும் அனுமதி. திருத்தம் இருந்தால் செயற்குழு கூடி முடிவெடுக்கும். பொறுப்பான ஏற்பாடு என்றுதான் நினைத்தேன்.

கோப்பு ஏன் செத்துப் போனது என்பது, பிறகு விக்கியின் வரலாற்றை வாசித்தபோதுதான் உறைத்தது.

1995 மார்ச் 25-ஆம் தேதி, அமெரிக்க நிரலாளர் வார்ட் கன்னிங்காம் ஓர் இணையத்தளத்தைத் திறந்தார். நிரலாளர்கள் தாங்கள் கற்றதை அங்கே எழுதலாம். அடுத்தவர் எழுதியதையும் திருத்தலாம். ஹவாய் மொழியில் 'விக்கி' என்றால் விரைவு. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பேருந்து நினைவுக்கு வர, அந்தப் பெயரையே வைத்துவிட்டார்.

ஐந்து வருஷம் கழித்து, 2000-இல், ஜிம்மி வேல்ஸும் லேரி சாங்கரும் நியூபீடியா என்ற இணையக் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். நிபுணர்கள் எழுதுவார்கள், ஒவ்வொரு கட்டுரையும் ஏழு கட்டச் சோதனையைத் தாண்ட வேண்டும். முதல் வருஷத்தில் தேறியவை இருபதைச் சுற்றித்தான். கட்டுரைகளைச் சீக்கிரம் திரட்ட, பக்கத்திலேயே ஒரு விக்கியைத் திறந்து பார்த்தார்கள். 2001 ஜனவரி 15-ஆம் தேதி பிறந்த அந்த விக்கிப்பீடியா, ஒரே வருஷத்தில் இருபதாயிரம் கட்டுரைகளை நெருங்கியது. நியூபீடியா 2003-இல் மூடப்பட்டது.

திறந்துவிட்டால் போதும் என்று இதற்கு அர்த்தமில்லை. 2005-இல் ஜான் சைகந்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைக் கென்னடி கொலையோடு தொடர்புபடுத்திய பொய் ஒன்று, விக்கிப்பீடியாவில் நான்கு மாதம் போல அப்படியே கிடந்தது. அதன் பிறகு ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு இல்லாதவர்கள் புதுக் கட்டுரை தொடங்க முடியாது என்று விதி வந்தது. ஆனால் திருத்தும் உரிமையைப் பறிக்கவில்லை. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிறது. தப்பு நடந்தால் பழையதை மீட்கலாம். முன்கூட்டியே தடுப்பதைவிடப் பின்னால் திருத்துவதைச் சுலபமாக்கியதுதான் அதன் சூட்சுமம்.

இன்னொன்றும் வேண்டும்: விடாமல் வந்து உட்காரும் ஆள். தமிழ் விக்கிப்பீடியாவுக்கு 2003-இல் அப்படி வந்தவர், இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மயூரநாதன். தொடக்க நாட்களின் பெரும்பகுதி வேலையை ஏறக்குறைய தனியாளாகவே செய்தார். பலர் சேர்ந்தார்கள். 2017-இல் அது ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டியது.

இப்போது என் கோப்புக்கு வருகிறேன். ஒரு பழைய படத்துக்குக் கீழே 'விளையாட்டுப் போட்டி' என்று போட்டிருந்தோம். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் குரல் பதிவு அனுப்பினார்: "தம்பி, அது போட்டி இல்லப்பா. புதுக் கொட்டகை போட்ட அன்னிக்கு எடுத்தது. நிக்கிற பிள்ளைங்க பேரெல்லாம் எனக்குத் தெரியும், எழுதிக்கிறியா?" 'குழுவில் சொல்கிறேன் ஐயா' என்று பதில் போட்டேன். குழு இரண்டு மாதம் கூடவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு சத்தமில்லாமல் குழுவைவிட்டு வெளியேறினார். போன வருஷம் தவறிவிட்டார். நான் கைப்பேசி மாற்றியபோது அந்தக் குரல் பதிவும் போய்விட்டது.

அந்தப் படத்தில் பதினேழு பிள்ளைகள் நிற்கிறார்கள். இரண்டு பேர் பெயர்தான் எங்களிடம் இருக்கிறது.

இந்த மே மாதம் கோப்பை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். ஒரே விதி: எழுதுபவர், தகவலைச் சொன்னது யார் என்று பக்கத்தில் குறிக்க வேண்டும். தட்டச்சு வராத பெரியவர்களின் குரலை அவர்கள் பேரப்பிள்ளைகள் எழுத்தாக்குகிறார்கள். தினமும் இரவு பத்து நிமிஷம் நான் உட்கார்ந்து பார்க்கிறேன். முதல் வாரமே ஒருவர் தலைமையாசிரியர் பெயரைத் தப்பாகப் போட்டார். நான் பார்ப்பதற்குள் வேறொருவர் திருத்தியிருந்தார்.