வீட்டுக்கு ஸ்பின் பைக் வாங்கும் முன்

2023 ஜூனில் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாடு முழுவதும் பெரியவர்களில் 11.4 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். புதுச்சேரியிலோ 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்தபடி நாம்தான். ஆண்கள் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, வண்டிகள் விடாத நேரத்தில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வருகிறார்கள். நம் பெண்களில் பலருக்கு அது வாய்ப்பதில்லை. வீட்டுக்குள் ஓட்டும் சைக்கிளைப் பற்றிப் பல குடும்பங்கள் யோசிப்பது இதனால்தான்.

பெண்களுக்கு உடற்பயிற்சி எதற்கு என்போர், நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் போட்டி வைத்ததையும், முதல் முறை ஆயிஷா (ரலி) முந்தியதையும் அபூதாவூதில் பார்த்துக்கொள்ளட்டும்.

ஸ்பின் பைக்கும் சாதாரண உடற்பயிற்சி சைக்கிளும் ஒன்றல்ல. சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் பெடலும் நிற்கும். ஸ்பின் பைக்கில் பெரும்பாலும் கனமான முன்சக்கரத்தோடு பெடல் பிணைந்திருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். திருகுக் குமிழை அழுத்தினால்தான் நிற்கும். ஆகவே ஏறும் முன் அந்தக் குமிழை அழுத்திப் பழக வேண்டும். துப்பட்டாவும் தொளதொளப்பான சல்வாரும் சிக்கும். முழங்காலுக்குக் கீழே இறுக்கமான உடை நல்லது. வீட்டுக்குள் தானே, அதில் தடையில்லை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சக்கரம் மூடிய மாடலே வேண்டும். ஓட்டாதபோது தடையை முழுவதும் இறுக்கி வையுங்கள்.

விலை குறைந்த மாடல்களில் கம்பளித் துண்டு சக்கரத்தை உரசித் தடை தரும். அது தேயும், சத்தமும் உண்டு. காந்தத் தடை உரசாது. சங்கிலியைவிட பெல்ட் அமைதியானது. முல்லா வீதி போன்ற ஒட்டிய வீடுகளில், மாடியில் ஓட்டினால் கீழே உறங்குபவரின் உரிமையும் இருக்கிறதே! அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. மொட்டை மாடியில் வைக்காதீர்கள், வியர்வையை உடனே துடையுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, ஓட்டப்போகிறவரே கடைக்குப் போய் உட்கார்ந்து பார்ப்பது. கணவர் உயரத்துக்கு வாங்கியது மனைவிக்குப் பொருந்தாது. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். இருக்கை மேலும் கீழும், முன்னும் பின்னும் நகர வேண்டும். கைப்பிடியும் உயர வேண்டும். எடைத் தாங்கு அளவைக் கேளுங்கள். முழங்கால் வலியுள்ள உம்மாமார்களுக்கு ஸ்பின் பைக் வேண்டாம், முதுகு சாய்த்து ஓட்டும் வகை இருக்கிறது.

பணம் கட்டும் இடத்தில் 'வட்டியில்லா தவணை' என்பார்கள். பல திட்டங்களில் வங்கி வட்டி போடும். அந்த அளவைக் கடை தள்ளுபடியாகக் காட்டும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் சொல்லிவிட்டது. ரொக்கமாக வாங்குங்கள். இயலாவிட்டால், துணி காயப்போடும் கம்பியாகிவிட்ட பழைய பைக்குகள் நம் தெருவிலேயே இருக்கும். அதைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். ஆசையில் முதல் நாளே ஒரு மணி நேரம் ஓட்டித் தசை சிதைந்தவர்கள் உண்டு. சிறுநீர் கறுத்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் ஓட்டும் முன் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.