மூடுபனிக் காட்டின் செடிகளும் அவற்றைத் தேடியவர்களும்

நேபாளத்திற்கும் பூட்டானுக்கும் இடையே அமைந்த சிறிய மலைநாடு சிக்கிம். அதன் தென்கோடியில் ஆற்றங்கரையில் நின்றால், நாம் நிற்குமிடம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் அடியே. வடமேற்கே நிமிர்ந்து நோக்கினாலோ, 28,169 அடி உயரமுள்ள கஞ்சன்ஜங்காச் சிகரம் வானை மறைத்து நிற்கும். வங்கக் கடலில் நீரை முகந்து வரும் தென்மேற்குக் காற்றைச் சமவெளியில் தடுப்பார் எவருமில்லை. அக்காற்று நேரே வந்து இம்மலைச் சரிவில் மோதுகிறது, மோதி மேலேறுகிறது, ஏறிக் குளிர்ந்து மூடுபனியாகிக் காட்டினுள் தங்கிவிடுகிறது. ஆகவே, வாழையும் மூங்கிலும் செழிக்கும் வெப்பநாடு தொடங்கி, புல்லும் முளையாத பனிப்பாலை வரை, சில நாள் நடைத் தொலைவிற்குள் காணக் கிடைக்கின்றன.

இத்தகைய நாட்டின் செடிகொடிகளைப் பற்றி உலகம் எவ்வாறு அறிந்தது? அவ்வறிவு எத்தகைய விலைக்குக் கிடைத்தது? இவ்விரண்டையும் இன்று நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், ஜோசப் டால்ட்டன் ஹூக்கர் என்னும் ஆங்கிலேயர் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. அவருடைய தந்தையார் இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தின் தலைவர். ஹூக்கரோ அதற்கு முன்பே தென்முனைக் கடலில் நான்காண்டுகள் கப்பற் பயணம் செய்து திரும்பியவர். சிக்கிம் அக்காலத்தில் அயலார்க்கு மூடிய நாடாக இருந்தது. நேபாளத்தில் முன்னர்ப் பணியாற்றிய ஹாட்ஸன் என்பார் டார்ஜிலிங்கில் தம் இல்லத்தில் அவருக்கு இடமளித்தார். டார்ஜிலிங்கின் அதிகாரி காம்ப்பெல் உடனிருந்து உதவினார்.

அவ்வாண்டு அக்டோபரில் கிழக்கு நேபாளம் நோக்கி ஹூக்கர் புறப்பட்டபோது அவருடன் சென்ற கூட்டம் ஐம்பத்தாறு பேர் கொண்டது. சுமை தூக்குவோர், காவலர், செடி பறிப்போர், பறித்தவற்றைத் தாளிடை வைத்து உலர்த்துவோர் எனப் பலரும் அதில் இருந்தனர். செடியை உலர்த்துவது எளிய வேலை என்று நாம் எண்ணலாம். மாதக்கணக்கில் வெயில் தோன்றாத மலையில், ஈரமேறிய தாள்களை நாள்தோறும் நெருப்பில் காய்ச்சி மாற்றவேண்டும். ஒருநாள் தவறினாலும் பூஞ்சணம் பற்றிவிடும். ஒரு வாரத்து உழைப்பு வீணாகும். மழைக்காலத்திலோ கீழ்ப்பள்ளத்தாக்குகளில் அட்டைகள் காலிலும் தலைமயிரிலும் புகுந்து குருதி குடிக்கும். புகையிலை இலையே அதற்கு அவர்கள் கண்ட மருந்து.

இக்கூட்டத்தின் உயிர்நாடியாக விளங்கியவர் லெப்சா மக்கள். சிக்கிமின் பழங்குடியினரான இவர்கள், ஒரு கத்தியை மட்டும் துணையாகக் கொண்டு, மூங்கிலும் இலையும் வெட்டிச் சிறுபொழுதில் குடில் அமைத்துவிடுவர். மூங்கிற் குழாயில் நீர் சுமப்பர். எந்தக் கிழங்கு உணவு, எந்தக் கிழங்கு நஞ்சு என்பதை அறிவர். நச்சுத்தன்மையுள்ள சேம்பினக் கிழங்கைக்கூட இடித்துக் குழியிலிட்டு நொதிக்கவைத்து, நஞ்சு தணிந்தபின் உண்ணும் முறையை இம்மலைவாசிகள் கண்டிருந்தனர். ஹூக்கர் புதியவை என்று எழுதிவைத்த செடிகளுட் பல, அவர்களுக்கு வழிவழியாகப் பழகிய செடிகளே.

அக்காட்டின் பெருஞ்செல்வம் ரோடொடென்ட்ரான் இனம். ஏழாயிரம் அடி உயரத்தில், ஓக் மரக் கிளைகளின்மேல் தொற்றி வளர்ந்து, அல்லி போன்ற பெரிய வெண்ணிற மலர்களைத் தொங்கவிடும் ஒருவகை. அதனினும் மேலே, மலைப்பக்கம் முழுவதும் செந்நிறமாகத் தோன்றுமாறு பூக்கும் வேறொரு வகை. பதினாறாயிரம் அடிக்கு மேல், குளிர்க்காற்றுக்கு அஞ்சினாற்போல் தரையோடு தரையாக, இரண்டங்குலமே வளரும் மற்றொன்று. ஒருவகை மரத்தின் கட்டையில் கிண்ணமும் கரண்டியும் கடைவர். அதன் பளபளப்பான அகன்ற இலையில் வெண்ணெயைப் பொதிந்து விருந்தினர்க்கு அளிப்பர். இவ்வினத்தைப் பற்றி ஹூக்கர் எழுதிய நூல், ஃபிட்ச் என்னும் ஓவியரின் வண்ணப் படங்களுடன் 1849-ஆம் ஆண்டு முதல் 1851 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அவர் அனுப்பிய விதைகள் ஆங்கில நாட்டுத் தோட்டங்களின் தோற்றத்தையே மாற்றின.

வியப்புக்குரிய இன்னொரு செடியையும் கூறவேண்டும். பதின்மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட பாறைச் சரிவுகளில் ஓராள் உயரத்துக்கு வெளிர்மஞ்சள் தூண்போல் அது நிற்கும். ஒரு மைல் தொலைவிலிருந்தும் கண்ணுக்குத் தெரியும். மலைவாசிகள் அதைச் சூகா என்பர். புளிப்பான அதன் தண்டை உண்பர். ஒளி ஊடுருவும் மெல்லிய மடல்கள் கூரை ஓடுகள்போல் அடுக்கடுக்காக மூடிநிற்க, உள்ளே பூக்கள் மறைந்திருக்கும். அம்மடல்கள் வெம்மையை உள்ளே காத்து, கடுமையான கதிர்களைத் தடுக்கின்றன என்று பிற்கால ஆராய்ச்சியாளர் கண்டனர். மனிதன் கண்ணாடி வீடு கட்டக் கற்பதற்கு முன்னரே இச்செடி தனக்கென ஒன்று கட்டிக்கொண்டது எனலாம்.

இனி, விலையைப் பற்றிப் பேசுவோம். ஹூக்கர் செடிகளை மட்டும் குறித்துக்கொள்ளவில்லை. கணவாய்களையும் உயரங்களையும் அளந்து நாட்டுப்படமும் வரைந்தார். 1835-இல் டார்ஜிலிங்கை ஆங்கிலேயரிடம் விட்டுக்கொடுத்திருந்த சிக்கிம் அரசவைக்கு இது ஐயத்தை விளைத்தது. ஒரு நாட்டின் கணவாய்களை அளப்பவன் பூவுக்காக மட்டும் வந்தவன் என்று எந்த அரசுதான் நம்பும்? 1849-ஆம் ஆண்டு நவம்பரில், திபெத்து எல்லையைத் தாண்டித் திரும்பிய ஹூக்கரும் காம்ப்பெலும் தடுத்து வைக்கப்பட்டனர்; காம்ப்பெல் கட்டுண்டு துன்புறுத்தப்பட்டார். டிசம்பர் இறுதியில் இருவரும் விடுதலை பெற்றனர். மறு ஆண்டே ஆங்கில அரசு சிக்கிமின் தெராய் அடிவாரப் பகுதியைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. டார்ஜிலிங்குக்காக அரசருக்கு ஆண்டுதோறும் அளித்துவந்த தொகையையும் நிறுத்திவிட்டது. செடி தேடிய பயணம் ஒரு நாட்டின் எல்லையைச் சுருக்கி முடிந்தது.

1850-இல் ஹூக்கர் தம் நண்பர் தாமஸ் தாம்ஸனுடன் மேகாலயத்தின் காஸி மலைகளுக்குச் சென்றார். சிரபுஞ்சியில் ஒரே நாளில் முப்பது அங்குல மழையை அவர்கள் அளந்தனர். அவ்வூரைச் சுற்றிப் பத்து மைலுக்குள் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட பூக்குஞ் செடிகள் அவர்களுக்குக் கிடைத்தன. அம்மலையின் ஓக் மரங்களில் நீலநிற மலர்க்கொத்துகளுடன் தொற்றி வளரும் வாண்டா என்னும் ஆர்க்கிட் செடியும் அவற்றுள் ஒன்று. அதை 1837-இல் கிரிஃபித் என்பார் முதலில் கண்டு குறித்திருந்தார். ஹூக்கர் ஏழு ஆட்கள் சுமக்குமளவு அச்செடியைப் பெயர்த்துக் கியூவுக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. அவ்விடத்தைப் பார்த்துவரத் தம் தோட்டக்காரரை உடன் அனுப்பிய வேறொருவர், ஓராள் சுமையை மட்டும் இலண்டனுக்கு அனுப்பினார். வாடிய நிலையிற் சேர்ந்தும் அது முந்நூறு பவுனுக்கு விலைபோயிற்று. இக்கணக்கை ஹூக்கரே தம் பயண நூலில் எழுதிவைத்துள்ளார். அழகின் விலை தெரிந்தபின் காடு அமைதியாக இருக்க முடியுமா? பிற்காலத்தில் அந்நீல வாண்டா தன் பிறப்பிடத்திலேயே அருகியது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் செடிகளும் சேர்க்கப்பட்டபோது, காப்பு அளிக்கப்பட்ட மிகச் சிலவற்றுள் அதுவும் ஒன்று.

இவ்வாறு கூறுவதால் ஹூக்கரின் தொண்டு சிறிதாகிவிடாது. 1872-ஆம் ஆண்டு தொடங்கி 1897 வரை ஏழு தொகுதிகளாக அவர் முடித்த இந்தியத் தாவர நூல் இன்றும் நம் ஆய்வாளர்க்கு அடிப்படை. ஆனால் அச்செடிகளின் பெயர்களை ஒருமுறை நோக்குங்கள். ஓக் மரத்தில் பூத்த வெண்மலர் கவர்னர் ஜெனரலின் துணைவியார் டல்ஹவுசிச் சீமாட்டியின் பெயரைத் தாங்குகிறது. கிண்ணம் கடையும் மரம் ஹாட்ஸன் பெயரையும், செந்நிற மலர் தாம்ஸன் பெயரையும் பெற்றன. வழிகாட்டி, மரமேறி, மலர் பறித்துத் தந்த லெப்சா மகனின் பெயரை நாம் எங்கே தேடுவது?

இக்கதைக்கு நம் பக்கத்திலிருந்தும் ஒரு தொடர்ச்சி உண்டு. தலைச்சேரியில் 1897-இல் பிறந்து, சென்னைக் கல்லூரிகளிற் பயின்றவர் ஜானகி அம்மாள். இங்கிலாந்தின் விஸ்லித் தோட்டத்தில் பணியாற்றியபோது, ரோடொடென்ட்ரான் வகைகளின் குரோமோசோம்களை எண்ணி, உடன் உழைத்தோருடன் 1950-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார். எந்த மலையினத்தின் விதைகள் கப்பலேறிச் சென்றனவோ, அவ்வினத்தின் உள்ளமைப்பை ஓர் இந்தியப் பெண்மணி அந்நாட்டிலேயே அமர்ந்து ஆராய்ந்தார். பின்னர், 1890-இல் நிறுவப்பட்ட இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்குமாறு நேரு அவரைத் தாயகத்துக்கு அழைத்தார். அவரும் வந்து அப்பணியை ஏற்றார்.

நீலகிரியிலும் பழனி மலையிலும் செந்நிறமாகப் பூக்கும் காட்டுப்பூவரசு இதே ரோடொடென்ட்ரான் இனத்தின் தென்னாட்டு உறவே. இமயத்துக்கும் நீலகிரிக்கும் இடையே ஆயிரம் மைலுக்கு மேற்பட்ட வெப்பச் சமவெளி கிடக்கிறது. முற்காலத்தில் குளிர் தெற்கே பரவியபோது இறங்கி வந்த இனம், வெப்பம் மீண்டபின் மலையுச்சிகளில் ஒதுங்கியது என்பது அறிஞர் பலர் கருத்து.

1975-இல் இந்திய மாநிலமான சிக்கிம், ஹூக்கர் தம் நூலில் விளக்கிய ஊதாநிற ரோடொடென்ட்ரான் ஒன்றைத் தன் மாநில மரமாகக் கொண்டுள்ளது. வடசிக்கிமில் இயல்பாக வளரும் அம்மரம் இன்று அரிதாகிவிட்டது. கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்கா 1977-இல் அமைந்து, 2016-இல் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது.

நேயர்களே, ஒரு செடிக்குப் பெயர் வைப்பது அதை அறிவதன் தொடக்கம் மட்டுமே. அதனோடு வாழ்ந்து, அதன் பயனும் நஞ்சும் உணர்ந்தவர் அறிவையும் சேர்த்துக் காத்தால்தான் அவ்வறிவு நிறைவுபெறும். அடுத்த முறை மலைக்குச் செல்வோர், மூடுபனியில் நனைந்த ஒரு மலரைக் கண்டால் பறிக்காது நின்று நோக்குங்கள். அருகே வாழ்பவரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். நூலில் இல்லாத பெயர் ஒன்றை அவர் சொல்லக்கூடும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.