கடல்நீர் அமிலமாதலும் கரையோரப் பாசிகளும்

கடல்நீர் அமிலமாதல் என்பது, வளிமண்டலத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடு வளிமம் கடல்நீரில் கரைவதால் அந்நீரின் பி.எச். மதிப்பு படிப்படியாகக் குறைந்து வருவதைக் குறிக்கும். நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற எரிபொருட்களை எரித்தலும் காடழிப்பும் இதற்கு முதன்மைக் காரணங்களாகும். மனிதச் செயல்களால் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல்கள் உள்வாங்கிக் கொள்கின்றன. இதனால் வளிமண்டலம் வெப்பமடைவது ஓரளவு தணிகிறது. ஆயினும் கடல்நீரின் வேதியியல் மாறி, கரையோரப் பாசிகளும் அவற்றைச் சார்ந்த உணவு வலையும் பாதிக்கப்படுகின்றன.

பெயர் விளக்கம்

"கடல் அமிலமாதல்" என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடர், கென் கால்டெய்ரா, மைக்கேல் விக்கெட் ஆகியோர் 2003 ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பின்னர் பரவலான வழக்கிற்கு வந்தது. 2005 இல் இலண்டன் அரச கழகம் இது பற்றிய விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. இப்பெயரைக் கொண்டு கடல்நீர் அமிலமாகிவிட்டது எனப் பொருள் கொள்ளுதல் கூடாது. பி.எச். மதிப்பு 7 என்பது நடுநிலை ஆகும். கடலின் மேற்பரப்பு நீர் இன்றும் 8.1 அளவில் காரத்தன்மை உடையதாகவே உள்ளது. அது நகரும் திசையையே இப்பெயர் சுட்டுகிறது.

வேதியியல்

கார்பன் டை ஆக்சைடு நீருடன் சேர்ந்து கார்போனிக் அமிலம் ஆகிறது. இவ்வமிலம் பிரிந்து ஹைட்ரஜன் அயனியையும் பைகார்பனேட் அயனியையும் தருகிறது. இவ்வாறு மிகுதியாகும் ஹைட்ரஜன் அயனிகளில் பெரும்பகுதி, நீரில் ஏற்கனவே உள்ள கார்பனேட் அயனிகளுடன் இணைந்து மேலும் பைகார்பனேட்டை உருவாக்குகின்றன. எனவே இருவகை மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன: ஹைட்ரஜன் அயனிகள் கூடுகின்றன, கார்பனேட் அயனிகள் குறைகின்றன.

தொழிற்புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்திற்கு 280 பங்கு என்ற அளவில் இருந்த கார்பன் டை ஆக்சைடு, 2024 இல் 420 பங்கைத் தாண்டியிருந்தது. இக்காலத்தில் மேற்பரப்பு நீரின் சராசரி பி.எச். 8.2 இலிருந்து 8.1 அளவிற்குக் குறைந்துள்ளது. இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஆனால் பி.எச். என்பது மடக்கை அளவீடு ஆகையால், 0.1 அளவு வீழ்ச்சி என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவு ஏறத்தாழ 26 விழுக்காடு உயர்வதற்குச் சமமாகும். உமிழ்வு கட்டுப்படுத்தப்படாவிடில் இந்நூற்றாண்டின் இறுதியில் பி.எச். 7.8 அளவிற்கு இறங்கக்கூடும் எனக் கணிக்கப்படுகிறது.

சுண்ணாம்புப் பாசிகளின் மீதான விளைவு

பல கடலுயிர்கள் கால்சியம் கார்பனேட் எனப்படும் சுண்ணாம்பைக் கொண்டு தம் உடலையோ ஓட்டையோ கட்டுகின்றன. இச்சுண்ணாம்பு கால்சைட், அரகோனைட், மக்னீசியம் மிகுந்த கால்சைட் ஆகிய வடிவங்களில் அமைகிறது. இவற்றுள் மக்னீசியம் மிகுந்த கால்சைட் மிக எளிதில் கரையக்கூடியது. பாறைகளின் மீது இளஞ்சிவப்பு நிறப் பூச்சுப் போலப் படர்ந்து வளரும் சுண்ணாம்புச் செம்பாசிகள் இவ்வடிவத்தையே பயன்படுத்துகின்றன. ஆகவே அமிலமாதலால் முதலில் பாதிக்கப்படும் உயிரினங்களுள் இவையும் அடங்கும். ஹாலிமிடா என்னும் பச்சைப்பாசி அரகோனைட் வடிவச் சுண்ணாம்பை உடையது.

சுண்ணாம்புச் செம்பாசிகள் பவளப் பாறைகளின் உடைந்த துண்டுகளை ஒட்டிப் பிணைக்கும் காரை போலச் செயல்படுகின்றன. மேலும், பவள உயிரிகள், அபலோன் நத்தைகள், கடல் முள்ளெலிகள் போன்ற பலவற்றின் இளம் உயிரிகள் இப்பாசிகள் வெளியிடும் வேதிக் குறிப்புகளை உணர்ந்தே தாம் அமர வேண்டிய இடத்தைத் தேர்கின்றன. எனவே இப்பாசிகள் குறையும்போது அடுத்த தலைமுறை உயிரிகள் நிலைகொள்வதும் குறைகிறது.

ஹவாயில் தொட்டிகளில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீரில் சுண்ணாம்புச் செம்பாசிகளின் பரப்பு 92 விழுக்காடு குறைந்தது. அதே நீரில் சுண்ணாம்பற்ற பாசிகளின் பரப்பு 52 விழுக்காடு கூடியது.

சுண்ணாம்பற்ற பாசிகள்

பாசிகள் ஒளிச்சேர்க்கைக்குக் கரிமத்தைப் பயன்படுத்துவதால், கார்பன் டை ஆக்சைடு மிகுவது எல்லாப் பாசிகளுக்கும் நன்மை தரும் எனக் கருதுதல் இயல்பே. ஆயினும் உண்மை அவ்வளவு எளிதன்று. பெரும்பாலான கடற்பாசிகள் பைகார்பனேட்டிலிருந்து கரிமத்தைப் பெற்றுச் செறிவூட்டும் அமைப்பை ஏற்கனவே கொண்டுள்ளன. இவற்றுக்குக் கூடுதல் வளிமத்தால் கிடைக்கும் பயன் குறைவு. இவ்வமைப்பு இல்லாத பாசிகளே, குறிப்பாக ஒளி குன்றிய இடங்களில் வாழும் சில சிவப்புப் பாசிகள், கூடுதல் பயன் பெறக்கூடும்.

பாறையின் மீது தாழ்ந்து அடர்ந்து வளரும் பாய்ப்பாசிகள் அமிலமாகும் நீரில் விரைந்து பரவுவது பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. இவை பெரிய பழுப்புப் பாசிகளான கெல்ப்புகளின் இளங்கன்றுகள் பற்றிக்கொள்ளும் இடத்தை அடைத்துவிடுகின்றன. கெல்ப் காடுகள் மீன்களுக்கும் இறால் இனங்களுக்கும் உறைவிடம் ஆகும். பாய்ப்பாசிகள் அத்தகைய உறைவிடத்தை அளிப்பதில்லை.

இஸ்கியா தீவு: இயற்கையின் ஆய்வுக்கூடம்

இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவிலுள்ள இஸ்கியா ஓர் எரிமலைத் தீவாகும். அங்குள்ள அரகோனீஸ் கோட்டையை அடுத்த ஆழமற்ற கடற்பகுதியில், கடலடியிலிருந்து வளிமக் குமிழிகள் இடைவிடாது வெளிவருகின்றன. இவ்வளிமத்தில் 90 விழுக்காட்டிற்கும் மேல் கார்பன் டை ஆக்சைடு உள்ளது. நச்சுத்தன்மையுடைய ஹைட்ரஜன் சல்பைடு இதில் இல்லை. நீரின் வெப்பநிலையும் சுற்றுப்புறத்தை ஒத்தே உள்ளது. ஆதலால், அமிலமாதலின் விளைவை மட்டும் தனித்துக் காண இவ்விடம் ஏற்றதாக அமைந்தது.

ஜேசன் ஹால்-ஸ்பென்சரும் குழுவினரும் இங்கு மேற்கொண்ட ஆய்வு 2008 இல் நேச்சர் இதழில் வெளியாயிற்று. அதன் முடிவுகளில் சில வருமாறு:

* குமிழிகளுக்கு வெளியே பாறைகளில் 60 விழுக்காட்டிற்கு மேல் பரவியிருந்த சுண்ணாம்புச் செம்பாசிகள், குமிழிப் பகுதியில் முற்றிலும் இல்லாது போயின.
* கடல் முள்ளெலிகள் வெகுவாகக் குறைந்தன. நத்தைகளின் ஓடுகள் கரைந்து காணப்பட்டன.
* சர்காசம், காலெர்ப்பா, டிக்டியோட்டா போன்ற சுண்ணாம்பற்ற பாசிகள் தாக்குப்பிடித்தன.
* கடற்புற்கள் செழித்து வளர்ந்தன. ஆனால் அவற்றின் இலைகளில் வழக்கமாக ஒட்டி வளரும் சுண்ணாம்புப் பாசிகள் மறைந்தன.

இத்தகைய இடங்களுக்குச் சில குறைகளும் உண்டு. இங்கு பி.எச். மதிப்பு நிலையாக இராது, ஏறி இறங்கும். பரப்பு சிறியது என்பதால் வெளியிலிருந்து இளம் உயிரிகள் தொடர்ந்து வந்து சேர்கின்றன. கடல் முழுவதும் மாறும்போது இத்தகைய ஈடுசெய்தல் இருக்காது. ஜப்பானின் ஷிக்கினே தீவு, பப்புவா நியூ கினியின் மில்ன் வளைகுடா ஆகிய இடங்களிலும் இவ்வகை ஊற்றுகள் ஆராயப்பட்டுள்ளன.

உணவு வலையின் மீதான விளைவு

பாசிகளில் ஏற்படும் மாற்றம் பின்வரும் வழிகளில் பிற உயிர்களைச் சென்றடைகிறது.

* உணவின் தரம்: கார்பன் டை ஆக்சைடு மிகுந்த நீரில் வளர்க்கப்பட்ட ஒரு டயட்டம் பாசியின் கொழுப்பு அமிலச் சேர்க்கை மாறியதையும், அதை உண்ட கோபிபோடு என்னும் நுண்ணிய ஓட்டுடலிகளின் முட்டையிடும் அளவு குறைந்ததையும் 2012 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கோபிபோடுகள் பல மீன்களின் குஞ்சுகளுக்கு முதன்மை உணவாகும்.
* நச்சு: சூடோநிட்சியா என்னும் டயட்டம் உருவாக்கும் டொமாயிக் அமிலம், அமிலமாகும் நீரில் மிகுவது ஆய்வகங்களில் காணப்பட்டுள்ளது. இந்நச்சு மட்டிகளில் சேர்ந்து, அவற்றை உண்ணும் மனிதரையும் கடற்சிங்கங்களையும் பாதிக்கவல்லது.
* இடைநிலை உயிர்கள்: கடல் வண்ணத்துப்பூச்சிகள் எனப்படும் மிதக்கும் நத்தைகள் நுண்பாசிகளை உண்டு, சால்மன் உள்ளிட்ட மீன்களுக்கு இரையாகின்றன. இவற்றின் ஓடு அரகோனைட்டால் ஆனது. தென்பெருங்கடலில் உயிருடன் பிடிக்கப்பட்ட நத்தைகளின் ஓடுகளில் அரிப்பு இருந்தது 2012 இல் பதிவாகியது.

மனிதர் வாழ்வாதாரமும் இதனால் பாதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கரையில் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் சிப்பிக் குஞ்சுகள் பெருமளவில் இறந்தன. ஆழ்கடலிலிருந்து மேலெழுந்த, கார்பனேட் குறைந்த நீரே இதற்குக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது. பண்ணையாளர்கள் நீரைத் தொடர்ந்து அளந்து, சோடா உப்புச் சேர்த்துச் சரிசெய்து தொழிலைத் தொடர்ந்தனர். இது தொட்டி நீருக்கு இயலும். திறந்த கடலுக்கு இயலாது.

கருத்து வேறுபாடுகள்

எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை. காக்கோலித்தோர் எனப்படும் சுண்ணாம்புத் தகடுடைய நுண்பாசிகள், அமிலமாகும் நீரில் குறைவாகவே சுண்ணாம்பு படியவைக்கும் என 2000 இல் வெளியான ஆய்வு கூறியது. 2008 இல் வெளியான மற்றோர் ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது. இனங்களுக்கும் வகைகளுக்கும் இடையே வேறுபாடு இருப்பது இதனால் தெரிய வந்தது. பவளத்திட்டு மீன்களின் நடத்தை பெரிதும் மாறும் என முன்னர்க் கூறப்பட்டதை, 2020 இல் வெளியான மறு ஆய்வு உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் வேதியியல் மாற்றம் குறித்தோ, சுண்ணாம்புச் செம்பாசிகள் எளிதில் பாதிக்கப்படுவது குறித்தோ பெரிய ஐயம் இல்லை.

தணிக்கும் வழிகள்

கெல்ப்புகளும் கடற்புற்களும் பகல் நேரத்தில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால், அவற்றைச் சூழ்ந்த நீரின் பி.எச். உயர்கிறது. இதனால் அவ்விடங்கள் சுண்ணாம்பு உயிர்களுக்குத் தற்காலிகப் புகலிடமாகலாம். இரவில் அவை சுவாசிக்கும்போது இம்மதிப்பு மீண்டும் குறைகிறது. கழிவுநீர், உரம் ஆகியன கடலில் கலப்பதைக் குறைப்பதால் பாய்ப்பாசிகளின் பரவலைக் கட்டுப்படுத்தலாம். ஐக்கிய நாடுகள் அவை 2015 இல் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளுள், 14.3 ஆவது குறியிலக்கு அமிலமாதலின் விளைவுகளைக் குறைப்பதைப் பற்றியதாகும். எனினும், அடிப்படைத் தீர்வு கார்பன் டை ஆக்சைடு உமிழ்வைக் குறைப்பதேயாகும். உமிழ்வு நின்ற பின்னரும் கடல்நீரின் வேதியியல் பழைய நிலைக்குத் திரும்பப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்பது குறிப்பிடத்தக்கது.