அந்த முற்றுப்புள்ளி யாருடையது?



போன மாதம் வகுப்பில் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் இருக்கும் இணைய முகவரியை ஒட்டிவிட்டு, இடைவெளி விடாமல் அதன் வாலிலேயே "இல் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்" என்று தட்டினேன். மென்பொருள் அந்த "இல்" என்பதையும் முகவரியோடு சேர்த்து நீலக்கோடு போட்டுவிட்டது. சொடுக்கியவர்களுக்கு "பக்கம் இல்லை" என்ற பதில்தான் கிடைத்தது. இரண்டு பேர் கடைசி நாள் முடிந்துவிட்டது என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அதில் ஒருவனுக்கு அந்தப் பணம் உண்மையிலேயே தேவை. வெள்ளிக்கிழமை மதியம் கேண்டீனில் பேச்சுவாக்கில் விஷயம் தெரிந்து, ஓடிப்போய் அனுப்பினான். நல்லவேளை!

தப்பு என்னுடையதா, மென்பொருளுடையதா? அன்று இரவு இதைத் தேடப்போய், ஒரு நல்ல வரலாறு கிடைத்தது. அதுதான் இந்தக் கட்டுரை.

சாதாரண உரையில் எது முகவரி, எது வெறும் சொல் என்று கணினிக்குத் தானாகத் தெரியாது. யாரோ எழுதி வைத்த ஒரு லைப்ரரியை நம் நிரலில் சேர்த்துக்கொண்டு, "இந்த வடிவத்தில் எது இருந்தாலும் எடுத்துக் கொடு" என்று சொல்கிறோம். அந்த வடிவத்தை எழுதும் மொழிக்குத்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன், சுருக்கமாக ரெஜெக்ஸ், என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், இது இணையத்தைவிட மிகவும் பழையது. 1943-இல் மெக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் நரம்பு செல்களுக்கு ஒரு கணித மாதிரி கொடுத்தார்கள். அப்படிப்பட்ட வலை எந்தெந்த நிகழ்வுத் தொடர்களை அடையாளம் காணும் என்று 1951-இல் ஆராய்ந்த ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞர், அவற்றை எழுத ஒரு குறியீட்டு முறையை உண்டாக்கினார். "எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம்" என்பதற்கு நாம் இன்றும் போடும் நட்சத்திரக் குறி அவர் பெயரால்தான் வழங்குகிறது.

1968-இல் கென் தாம்சன் இதை உரையில் தேடும் கருவியாக மாற்றினார். கொடுக்கும் வடிவத்தை ஐபிஎம் 7094 கணினியின் இயந்திர மொழிக்கே மாற்றித் தேடும் முறை அவருடையது. 1973-இல் அவர் எழுதிய "கிரெப்" யூனிக்ஸில் வந்தது. 1986-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஹென்றி ஸ்பென்சர், யார் வேண்டுமானாலும் தங்கள் நிரலில் சேர்த்துக்கொள்ளும்படி ஒரு ரெஜெக்ஸ் லைப்ரரியை எழுதி வெளியிட்டார். லாரி வாலின் பெர்ல் மொழி 1988-இல் வந்த தன் இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துக்கொண்டு வளர்த்தது. பெர்ல் போலவே மற்ற மொழிகளிலும் தேட வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் 1997-இல் எழுதியதுதான் பிசிஆர்இ. பிஎச்பி உட்படப் பல மென்பொருள்களுக்குள் இருப்பது இதுதான்.

இன்னொரு பக்கம், 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை முன்மொழிந்தார். 1994 டிசம்பரில் முகவரிகளுக்கான விதிமுறை வந்தது: ஆர்எஃப்சி 1738. சிக்கல் ஆரம்பித்த இடம் இங்கேதான்.

அந்த விதிப்படி முகவரிக்குள் எழுத்தும் எண்ணும் மட்டுமல்ல, முற்றுப்புள்ளி, காற்புள்ளி, ஆச்சரியக்குறி, பிறை அடைப்புக்குறி எல்லாமே வரலாம். இப்போது ஒரு வாக்கியம் முகவரியில் முடிந்து கடைசியில் ஒரு புள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளி வாக்கியத்துடையதா, முகவரியுடையதா? இரண்டும் சரிதான்! உரையை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் விடை அதற்குள் இல்லை.

விதியை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதே ஆவணத்தின் பின்னிணைப்பில் ஒரு வழி சொன்னார்கள்: உரைக்குள் முகவரி எழுதும்போது "யூஆர்எல்:" என்று தொடங்கி, இருபுறமும் கோண அடைப்புக்குறி போடுங்கள். கோண அடைப்பு முகவரிக்குள் வரவே கூடாத எழுத்து. ஆகவே எல்லை தெளிவாகத் தெரியும். எவ்வளவு எளிய தீர்வு பாருங்கள்! ஆனால் யார் கேட்டார்கள்? 2005 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3986, அந்த "யூஆர்எல்:" முன்னொட்டு நடைமுறையில் அதிகம் புழங்கவில்லை என்று ஒப்புக்கொண்டு அதைக் கைவிட்டது. கோண அடைப்பை மட்டும் தொடர்ந்து பரிந்துரைத்தது.

அந்த ஆவணத்திலேயே ஒரு ரெஜெக்ஸும் இருக்கிறது. "அப்பாடா, அதிகாரபூர்வ விடை கிடைத்துவிட்டது" என்று நானும் ஆசையாக எடுத்துப் போட்டேன். என் பெயரைக்கூட முகவரி என்றது :) காரணம், அது முகவரியைக் கண்டுபிடிக்க எழுதியதே அல்ல. கையில் இருக்கும் முகவரியை ஐந்து பாகமாகப் பிரிக்க எழுதியது. எந்த உரையைக் கொடுத்தாலும் அது பொருந்தும்.

ஆக, பயனர்கள் எல்லை காட்டவில்லை, விதியும் உதவவில்லை. மிச்சம் இருந்தது ஊகம்தான். லைப்ரரி எழுதியவர்கள் ஆளுக்கொரு ஊகத்தை எழுதினார்கள். எளிய முறை இது: "எச்டிடிபி" என்பதில் தொடங்கு, இடைவெளி வரும்வரை எடு, கடைசியில் புள்ளியோ காற்புள்ளியோ இருந்தால் வெட்டு. அடைப்புக்குறிதான் பெரிய தலைவலி. விக்கிப்பீடியாவில் ஒரே பெயரில் பல கட்டுரைகள் இருந்தால், வேறுபடுத்த முகவரியின் கடைசியிலேயே அடைப்புக்குறி வரும். அதை வெட்டினால் வேறு பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

2009 நவம்பரில், மார்க்டவுனை உருவாக்கிய ஜான் க்ரூபர் ஒரு ரெஜெக்ஸை வெளியிட்டார். திறந்த அடைப்பு முகவரிக்குள்ளேயே மூடினால் அது முகவரியுடையது, இல்லாவிட்டால் வாக்கியத்துடையது என்பது அதன் யோசனை. பலர் அதைத் தங்கள் நிரல்களில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே அவர் அதைத் திருத்தி மறுபடி வெளியிட வேண்டியிருந்தது. ஊகம் என்றால் திருத்தம் இருக்கத்தானே செய்யும்?

இதுவரை ஆங்கில எழுத்துகளின் கதை. 2005 ஜனவரியிலேயே ஆர்எஃப்சி 3987 வந்து, உலக மொழி எழுத்துகள் எல்லாம் முகவரியில் வரலாம் என்றது. 2010-களின் தொடக்கத்தில் .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா என்ற தமிழ் மேல்நிலைப் பெயர்களும் வந்தன. பெருமையாக இருந்தாலும், நம் லைப்ரரிகள் அதற்குத் தயாராக இல்லை.

பைத்தானோடு வரும் தேடல் லைப்ரரியிடம் "சொல் எழுத்துகளை எடு" என்று சொல்லி "சிங்கப்பூர்" கொடுத்துப் பாருங்கள். ச, ங, கப, ப, ர என்று ஐந்து துண்டாக வரும்! யூனிகோடில் மெய்யின் புள்ளியும் கொம்பும் காலும் தனி எழுத்துகள் அல்ல, ஒட்டுக்குறிகள். அவற்றைச் சொல்லின் பகுதியாகக் கொள்ள வேண்டும் என்று யூனிகோடின் வழிகாட்டுதல் சொல்கிறது. பெர்ல் கேட்கிறது, பைத்தானின் லைப்ரரி கேட்பதில்லை. யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களையும் வடிவத்தில் நாமே வரம்பாகக் கொடுத்தால் சரியாகிவிடும்.

ஆனால் அப்படிச் சரிசெய்தால் என் பழைய பிரச்சினை திரும்ப வருகிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டும். முகவரியும் பெயர்ச்சொல் என்பதால் "இல்", "ஐ", "க்கு" என்று இயல்பாக ஒட்டி எழுதுகிறோம். தமிழ் எழுத்தை முகவரிக்குள் அனுமதிக்காத லைப்ரரி, .இலங்கை முகவரியை உடைக்கும், என் "இல்"லைச் சரியாக வெட்டும். அனுமதிக்கும் லைப்ரரி .இலங்கையைக் காப்பாற்றும், "இல்"லை விழுங்கிவிடும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது.

எனவே என் கேள்விக்கு விடை: தப்பு என்னுடையதுதான். மென்பொருள் விதிப்படிதான் நடந்தது. முகவரி எங்கே முடிகிறது என்பது எழுதியவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். 1994-லேயே அதைக் குறித்துக் காட்டச் சொன்னார்கள். நாம் காட்டவில்லை. எத்தனையோ பேர் எழுதிய எத்தனையோ ஊகங்கள் நமக்காக அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முகவரியைத் தனி வரியில் போடுகிறேன். முன்னாலும் பின்னாலும் ஒன்றும் ஒட்டுவதில்லை, முற்றுப்புள்ளிகூட. தமிழ் ஆசிரியர் பார்த்தால் ஒரு மதிப்பெண் குறைப்பார். பரவாயில்லை, சுட்டி வேலை செய்யும் :)