கல்வெட்டு மைப்படிகள்: மின்னணுச் சேமிப்புத் திட்டம்

கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டிப் பதித்து, மை ஒற்றி எடுக்கும் படியே மைப்படி. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகையிலிருந்து மைசூருக்கு மாறியபோது தமிழ் மைப்படிகளும் அங்கே சென்றன. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தாள் எந்த ஊரில் இருந்தாலும், படிக்க விரும்புகிறவர் வீட்டிலிருந்தே பார்க்க முடியவேண்டும். அதற்கான சர்வரைத் திட்டமிடும்போது முதல் வேலை, கொள்ளளவைக் கணக்கிடுவது.

60 × 90 செ.மீ. தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்காத டிஃப் கோப்பு ஏறத்தாழ 75 எம்.பி. வரும். 10,000 தாள்களுக்கு முக்கால் டி.பி.; வண்ணத்தில் மும்மடங்கு. மூலக் கோப்புகளுக்குப் பெரிய ஹார்ட் டிஸ்குகளே போதும். 4 டி.பி. டிஸ்குகள் எட்டை ரெய்டு 6 முறையில் இணைத்தால் 24 டி.பி. கிடைக்கும், எந்த இரண்டு பழுதானாலும் தரவு தப்பும். அடிக்கடி திறக்கப்படும் ஜேபெக் படிகளையும் தேடல் அட்டவணையையும் எஸ்.எஸ்.டி.யில் வைப்பது நல்லது.

ரெய்டைக் காப்புப்படி என்று நம்புவது பெரும் பிழை. தவறுதலாக அழித்த கோப்பு எல்லா டிஸ்கிலும் அழிந்துவிடும். ஆகவே வேறொரு ஊரில் தனிப்படி ஒன்று கட்டாயம் வேண்டும். அதை அவ்வப்போது திறந்து சரிபார்க்கவும் வேண்டும்.